நோயாளியின் வாக்குமூலம்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். வக்கீலிடம் மறைத்தால் வழக்கு தோற்கும், வைத்தியரிடம் மறைத்தால் உடம்பு கெடும் என்பது அதன் வெளிப்படையான பொருள். ஆனால் அந்த அறிவுரை உண்மையில் நின்றது, சொன்ன சொல் அந்த அறையைத் தாண்டித் தனக்கே எதிராகத் திரும்பி வராது என்ற நம்பிக்கையின் மேல்தான். மனைவிக்குத் தெரியாத பழக்கங்களையும், மகனிடம் ஒப்புக்கொள்ள மனம் வராத பலவீனங்களையும், முன்பின் பார்த்திராத ஓர் இளம் டாக்டரின் முன்னே ஒரு மனிதன் சங்கோசமின்றிக் கொட்டிவிடுகிறான் என்றால், அதற்கு அந்த டாக்டரின் பட்டம் மட்டும் காரணமாகாது. இங்கே உண்மையைச் சொல்வதால் நன்மை விளையுமே ஒழிய நஷ்டம் வராது என்ற நிச்சயமும் அவனுக்கு இருக்கிறது. இந்த நிச்சயம் நம் காலத்தில் தேய்ந்துகொண்டு வருகிறது. அதைத் தேய்ப்பதோ, ஒருவர் கஷ்டத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தில் பிறந்த மருத்துவக் காப்பீடு என்பதுதான் விசித்திரம்.

மருத்துவச் செலவைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் குறைகூற உட்கார்ந்தால் விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு என்று விதி இருந்தால், 3,000 ரூபாய் அறையில்தான் படுக்க வேண்டும். அன்றைக்குக் காலியாக இருந்தது 6,000 ரூபாய் அறைதான் என்று அதில் படுத்தவர், மிஞ்சிய வாடகையை மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்று எண்ணுகிறார். அறுவை சிகிச்சை செய்தவருடைய கட்டணத்திலும் பாதி வெட்டப்படும் என்பது டிஸ்சார்ஜ் ஆகிற அன்றுதான் அவருக்குத் தெரிய வருகிறது. மருந்து, பரிசோதனை, உடம்பில் பொருத்தும் ஸ்டென்ட் போன்றவற்றில் இப்படி விகிதம் போட்டுக் கழிக்கக் கூடாதென்று 2020இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்களித்தது கொஞ்சம் ஆறுதல். கம்பெனிகள் கொடுக்கத் தேவையில்லாத பொருள்களென்று 68 இனங்கள் கொண்ட ஒரு ஜாபிதாவும் உண்டு. முகக்கவசம், தெர்மாமீட்டர், போட்டோகாப்பிச் செலவு என்று போகும் அந்த ஜாபிதாவில் சவக்கிடங்குக் கட்டணமும் இருக்கிறது. இவையெல்லாம் பணத்தைப் பற்றிய மனஸ்தாபங்கள். நகையை அடகு வைத்தோ, சீட்டை முன்னதாக எடுத்தோ, பி.எப்.பில் கை வைத்தோ, சம்பந்தி வீட்டில் கைமாற்று வாங்கியோ நம் குடும்பங்கள் இவற்றைச் சமாளித்துவிடுகின்றன. தேசத்தின் மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் தங்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013–14இல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்து 2021–22இல் 39.4 ஆகக் குறைந்ததென்று அரசாங்கக் கணக்கு சொல்கிறது. குறைந்த பிறகும் அது சிறிய பாரமன்று. ஆயினும் நான் இங்கே பேச நினைப்பது, எந்தக் கணக்கிலும் ஏறாத வேறொரு நஷ்டத்தைப் பற்றி.

என் பெரியப்பா மகன் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். 1948இல் சட்டமாகி, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955இல் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியின் பெஞ்சில் காத்துக் கிடப்பதைப் பற்றியும், எந்த வியாதிக்கும் ஒரே நிறத்து மாத்திரை கொடுப்பதைப் பற்றியும் அவர் செய்யாத பரிகாசமில்லை. உத்தியோக உயர்வு வந்தது, சம்பளம் இ.எஸ்.ஐ. உச்சவரம்பைத் தாண்டியது, தாண்டியதும், தகப்பனார் காலத்துப் பாதுகாப்பு ஒன்று கழன்று விழுந்தது. தனியார் பாலிசி ஒன்று எடுத்துக்கொள்வதுதான் விவேகம் என்று எல்லோரும் சொன்னார்கள்; எடுத்துக்கொண்டார்.

பாலிசி விண்ணப்பம் என்பது பலருடைய வீட்டில் எப்படிப் பூர்த்தியாகிறது என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இருதயக் கோளாறு உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று பொடி எழுத்தில் வரிசையாக நிற்கும் வினாக்களுக்கெல்லாம் ஏஜெண்ட் தாமே மளமளவென்று "இல்லை" என்று டிக் போட்டுக்கொண்டே போய், "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க சார், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டுவார். ஆட்சேபிக்க வேண்டிய நாமும், நல்ல காரியம் சுருக்க முடிகிறதே என்ற திருப்தியில் கையெழுத்திடுவோம். என் அண்ணன் விஷயத்தில் அந்த "இல்லை"கள் யாவும் உண்மையாகவே இருந்தன. ஆனால் உண்மைதானா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்துச் சோதிக்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதைக் கொடுத்தார்கள். சர்க்கரை அவருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

பாலிசியின் நான்காம் ஆண்டில், ஓர் இரவு மார்வலியோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காஷுவாலிட்டியில் ஒரு பக்கம் ஈ.ஸி.ஜி. ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் பயிற்சி டாக்டர் ஒருவர் அட்டையில் செருகிய கேஸ் ஷீட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "ஷுகர், பிரஷர் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். கணவருடைய செருப்பையும் கண்ணாடியையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணி, "ஷுகர் இருக்குதுங்க டாக்டர், ஒரு பத்து வருஷமா மாத்திரை சாப்பிடறாருங்க" என்றார். பத்து என்பது நாட்காட்டியைப் பார்த்துச் சொன்ன கணக்கல்ல. ரொம்ப நாளாக இருக்கிறது, சீக்கிரம் கவனியுங்கள் என்று ஒரு பெண்மணி பதற்றத்தில் சொன்னது. டாக்டரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது சர்க்கரை உண்டு என்ற செய்தி. வருஷம் எத்தனையாயிருந்தாலும் அந்த இரவில் அவர் செய்த சிகிச்சை மாறியிராது.

அந்த வரி அங்கிருந்து யாத்திரை புறப்பட்டது. கேஸ் ஷீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கும், அங்கிருந்து இன்சூரன்ஸ் டெஸ்க்கின் வழியாக டி.பி.ஏ. என்று சொல்லப்படுகிற இடைநிலை நிறுவனத்துக்கும், அங்கிருந்து கம்பெனிக்கும் போயிற்று. சர்க்கரை முதன்முதலில் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, அப்போதைய சீட்டு எங்கே, பார்த்த டாக்டருடைய சான்றிதழ் எங்கே என்று குவெரிகள் வந்தன. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது, நகைகள் பாங்கிக்குப் போயின. கடைசியில், பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டார் என்று குற்றம் சாட்டி, க்ளெய்மை நிராகரித்து, பாலிசியையும் ரத்து செய்து ஒரு கடிதம் வந்தது. ஆயுளில் ஒரு காசு பொய்க்கணக்கு எழுதாத மில் குமாஸ்தா ஒருவரை, நெஞ்சில் ஸ்டென்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிலையில், பொய்யர் என்று அந்தக் கடிதம் சொல்லிற்று.

சுருக்கமாகச் சொன்னால், பணம் பிற்பாடு கிடைத்தது. பீரோவில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்த பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று அகப்பட்டது. பாலிசிக்கு இரண்டு வருஷம் பிந்திய தேதி அதில் இருந்தது. வக்கீலை அமர்த்தாமல், கட்டணம் எதுவும் கட்டாமல், நிராகரித்த ஓராண்டுக்குள் எழுதிப் போட்டால் விசாரித்து 50 லட்சம் ரூபாய் வரையில் கம்பெனியைக் கொடுக்கச் செய்யும் அதிகாரம் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னையிலிருக்கும் அந்த அலுவலகத்துக்கு எழுதினார்கள்; நியாயம் பிறந்தது; நகைகள் திரும்பின.

திரும்பாதது ஒன்று உண்டு. பின்னொரு சமயம் வயிற்றுக் கோளாறுக்காக அண்ணனை வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் கூட இருந்தேன். டாக்டர் வழக்கம்போல், "வேற என்னென்ன மாத்திரை எடுத்துக்கறார்?" என்று கேட்டார். அண்ணி பதில் சொல்வதற்கு முன்னால் மகனுடைய முகத்தைப் பார்த்தார். மகன், "பாலிசி புக்கை எடுத்துட்டு வந்து சொல்றோம் டாக்டர்" என்றான். இருதயத்துக்காக அவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிற டாக்டருக்கு மற்றெதையும்விட முதலில் தெரிய வேண்டிய விஷயம் அதுதான். நான் குறுக்கிட்டுச் சொன்னேன். ஆனால் அந்த அரை நிமிஷ மௌனத்தில் இருந்த அச்சத்தை, அதற்கு முன் அந்த அம்மாளிடம் நான் கண்டதில்லை.

நோயாளியின் பூர்வ சரித்திரம் என்பது வைத்தியத்தில் ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படுவதன்று. சிறுநீரகம் தளர்ந்த சர்க்கரை நோயாளிக்கு, மெட்பார்மின் மாத்திரையை நிறுத்தாமல் ஆஞ்சியோகிராமுக்கான சாயத்தைச் செலுத்தினால் ஆபத்து நேரலாம். ஆஸ்துமா உண்டென்பதைச் சொல்லாதவருக்கு இருதயப் படபடப்புக்காகக் கொடுக்கிற சில மாத்திரைகள் மூச்சை இறுக்கிவிடும். குடிப்பழக்கத்தை மறைத்தவர் ஆபரேஷனுக்குப் பிறகு பிதற்றத் தொடங்கினால் காரணம் தெரியாமல் டாக்டர்கள் திகைப்பார்கள். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எவ்வளவோ காட்டிக் கொடுக்கின்றன. நோயாளி வாய்திறந்து சொன்னால் ஒழியத் தெரியாதவை இன்னும் அநேகம் இருக்கின்றன. அப்படிப்பட்ட சொல்லுக்கு அபராதம் விதிக்கும் ஓர் ஏற்பாடு, வைத்தியச் செலவைத் தருவதாகச் சொல்லிக்கொண்டே வைத்தியத்தின் அடிவேரில் கை வைக்கிறது.

கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் பார்க்கத்தான் வேண்டும். நோய் வந்தபின் பாலிசி எடுத்து, செலவை வாங்கிக்கொண்டு மறுவருஷம் விலகிவிடலாம் என்றிருந்தால், ஆரோக்கியமாயிருக்கும்போது ஒருவரும் பிரீமியம் கட்ட மாட்டார்கள். பலர் போட்டுச் சிலர் எடுக்கும் பொதுப்பானை ஒரே வருஷத்தில் வறண்டுவிடும். படுக்காமலே படுத்ததாகப் பில் தயாரிக்கும் ஆஸ்பத்திரிகளும், அதற்கு உடந்தையாகிற மனிதர்களும் இல்லையென்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆகையால், முன்னரே இருக்கும் நோய்க்குச் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வதிலும், கேள்வி கேட்பதிலும் அநியாயம் ஒன்றுமில்லை. கேள்வி எப்போது கேட்கப்படுகிறது என்பதில்தான் தர்மாதர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பணம் வாங்குகிற அன்று கண்ணை மூடிக்கொண்டு, பணம் கொடுக்க வேண்டிய அன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது விசாரணை ஆகாது.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. காப்பீடு கேட்பவன் தனக்குத் தெரிந்ததை மறைக்கலாகாது என்ற கோட்பாட்டுக்கு மூலமாக எல்லாச் சட்டப் புத்தகங்களும் காட்டுவது, 1766இல் லார்டு மான்ஸ்ஃபீல்டு லண்டனில் தீர்ப்பளித்த ஒரு வழக்கை. சுமத்திரா தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அங்கே கவர்னராயிருந்த ஜார்ஜ் கார்ட்டர், ஐரோப்பிய விரோதிகள் கோட்டையைப் பிடித்துக்கொண்டால் நஷ்டஈடு வேண்டுமென்று லண்டனில் இன்சூர் செய்வித்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தும் கொண்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதைக் கவர்னர் மறைத்துவிட்டார் என்று சொல்லி, இன்சூரன்ஸ் கொடுத்த சார்லஸ் போம் பணம் தர மறுத்தார். தனக்கு மட்டுமே தெரிந்த முக்கியமான விஷயத்தை மறைப்பது மோசடியே என்று மான்ஸ்ஃபீல்டு ஒப்புக்கொண்டார். ஆனால் நம்பிக்கை என்பது இரு தரப்புக்கும் உரியது, எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்ததையும் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதையும் சொல்லவில்லை என்று பின்னால் குறைகூற முடியாது என்று விளக்கினார். தீர்ப்பு கார்ட்டர் பக்கமே ஆயிற்று. மறைத்தார் மறைத்தார் என்று கம்பெனிகள் நோயாளிகளின் மேல் வீசும் அந்தக் கோட்பாடு, பிறந்த இடத்தில் இன்சூரன்ஸ் கொடுத்தவருக்கு எதிராகத்தான் தீர்ப்பைத் தந்தது. அதே இங்கிலாந்து 2012இல் சட்டத்தைத் திருத்தி, சாதாரணக் குடிமகன் தானாக முன்வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்ற கடமையை நீக்கி, கேட்ட கேள்விகளுக்குப் பொறுப்போடு பதில் சொன்னால் போதும் என்று ஆக்கிவிட்டது.

நம் நாட்டிலும் காற்று அந்தத் திசையில் மெல்ல வீசுகிறது. ஆயுள் பாலிசியை மூன்று ஆண்டுகளுக்குப் பின் எந்தக் காரணத்தைக் கொண்டும் கேள்வி கேட்க முடியாது என்று, 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டம் 2015இல் திருத்தப்பட்டது. அமெரிக்காவுக்குப் போக இன்சூர் செய்துகொண்டு, அங்கே இறங்கியதும் இருதய நோய்க்கு ஆளான ஒருவருடைய வழக்கில், சொல்லப்பட்ட நோயை அறிந்தே பாலிசி கொடுத்த கம்பெனி பிறகு அந்த நோயையே காட்டிக் கைவிரிக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேஸ் ஷீட்டில் எழுதிய பூர்வ சரித்திரம் ஒன்றை மட்டுமே வைத்து, வேறு ஆதாரமில்லாமல், நோய் முன்பே இருந்ததென்று முடிவுகட்டலாகாது என்று நுகர்வோர் மன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. 2024இல் ஒழுங்குமுறை ஆணையம், அறுபது மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபணமானாலன்றி, மறைத்தார் என்ற காரணம் காட்டக் கூடாதென்று விதித்தது. கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரமும் டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரமும் கெடு வைத்தது. க்ளெய்முக்கு வேண்டிய காகிதங்களை நோயாளியிடம் கேட்காமல் ஆஸ்பத்திரியிலிருந்தே பெற்றுக்கொள்ளவும் சொன்னது. நல்ல விதிகள். ஆனால் அறுபதாவது மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால் காஷுவாலிட்டியில் நிற்கிற மனைவிக்கு அவை அபயம் அளிப்பதில்லை.

இதே கோயம்புத்தூரில், அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர், தமக்குச் சர்க்கரை எத்தனை காலமாக இருக்கிறதென்று, அடுத்து நிற்பவர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்கிறார். அவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. அங்கே நோயை ஒப்புக்கொள்வது மருந்துக்கு வழியாகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் முன்பிருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. என் அண்ணன் பரிகாசம் செய்த இ.எஸ்.ஐ.யில், தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கும் முதலாளி மூன்றேகால் பங்கும் கட்டுகிறார்கள். சம்பளத்தைக் கணக்குப் பார்த்து வாங்கினார்களே தவிர, உடம்பைக் கணக்குப் பார்க்கவில்லை. இவற்றின் குறைகளை நான் அறியாதவனல்லேன். கூட்டம் நெரிகிறது, கட்டில் கிடைப்பதில்லை, டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் முறை முடிந்துவிடுகிறது. தனியாரிடம் கேட்க ஆள் இருக்கிறது, சொல்லப் பயமாயிருக்கிறது. அரசாங்கத்திடம் சொல்லப் பயமில்லை, கேட்க நேரமில்லை. நடுத்தரக் குடும்பம் இந்த இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கிறது. பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிடைக்காமல் போகலாகாது என்பதை அடிப்படையாக வைத்து, நாட்டின் சுகாதார நிலையை ஆராய அமைக்கப்பட்ட போர் (Bhore) கமிட்டி 1946இல், சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்பே, அறிக்கை கொடுத்தது. உண்மையைச் சொன்னால் பணம் போய்விடும் என்று நோயாளி அஞ்சுகிற ஒரு காலம் வரும் என்பது அந்தக் கமிட்டியின் கனவிலும் தோன்றியிராது.

செய்ய வேண்டியது கடினமானதன்று. பாலிசி கொடுக்கிற அன்றே கம்பெனி தன் செலவில் ரத்தத்தைப் பரிசோதித்து, கண்டதைக் கணக்கில் கொண்டு, பிரீமியத்தைத் தீர்மானிக்கட்டும். பரிசோதிக்க வேண்டாமென்று லாபக் கணக்குப் பார்த்து விட்டுவிட்டால், அந்தச் சந்தேகத்தின் பாரத்தையும் தானே சுமக்கட்டும். சிகிச்சைக்காக வைத்தியரிடம் சொன்ன சொல், சொன்னவருக்கு விரோதமான தனிச் சாட்சியமாக எந்தக் க்ளெய்மிலும் செல்லாது என்று ஒரே ஒரு வரியை அரசாங்கம் சட்டமாக்கட்டும். அதுவரையில் குடும்பங்களுக்கு நான் சொல்லக் கூடியது சொற்பம். விண்ணப்பத்தை ஏஜெண்டிடம் விடாமல் நீங்களே எழுதுங்கள். நோய் முதன்முதலில் தெரிந்த அன்றைய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். வருஷம் நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். கடைசி யோசனையை எழுதும்போது எனக்கே வெட்கமாயிருக்கிறது. கணவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தேதியைப் பிசகின்றிச் சொல்லும்படி ஒரு மனைவிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பயிற்சியைத் தேவையில்லாததாக்கும் கடமை அவளுடையதன்று, சட்டம் செய்கிறவர்களுடையது.